சர்வரைத் தேடிக்கொண்டிருக்கிறது

2007ஆம் ஆண்டு மார்ச் மாதம், மலைச்சரிவு முன்னெச்சரிக்கை இயக்ககம் தன் பழைய டெலிபோன்களை ஒழித்துவிட்டு ஐ.பி. போன்களுக்கு மாறியது. திருவனந்தபுரத்துத் தலைமை அலுவலகத்தில் அதற்கு ஒரு விழா எடுத்தார்கள். நாதஸ்வரத்துக்குச் சொல்லியிருந்தார்கள், ரிப்பனுக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். அதனால் இயக்குநர் டாக்டர் மாதவக் குறுப்பு, பழைய டெலிபோன் வயரையே கத்தரிக்கோலால் வெட்டித் திறப்பு விழாவை நடத்தினார்.

“இன்று முதல் இந்த இயக்ககத்தில் ஒருவரும் தனியாக இல்லை” என்றார் அவர். “மலை உச்சியில் இருக்கும் கடைசி ஊழியனையும் நம் சர்வர் அறியும். அவன் தும்மினால் நமக்குக் கேட்கும்.”

முதல் அழைப்பைப் பக்கத்து நாற்காலியில் இருந்த துணை இயக்குநருக்குப் போட்டார். துணை இயக்குநர் எழுந்து நின்று போனை எடுத்து, “கேட்கிறது சார், மிகத் தெளிவாகக் கேட்கிறது” என்றார். கூட்டம் கைதட்டியது.

அந்தக் கடைசி ஊழியன் கூட்டத்தின் கடைசி வரிசையில் இருந்தார். பெயர் ராஜையன். மார்த்தாண்டம் பக்கத்து ஆள், நாற்பத்தெட்டு வயது. பொன்முடிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் இயக்ககத்துக்குக் கண்காணிப்பு நிலையம் ஒன்று உண்டு. ஓர் அறை, ஒரு கட்டில், கூரையில் ஒரு டிஷ், முற்றத்தில் ஒரு மழைமானி, ராஜையன். அவ்வளவுதான் நிலையம். மனைவி ஞானபாய் ஆறு வருஷமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். மகளை பெங்களூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. மேலே போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால், வடையும் காபியும் வருவதற்கு முன்பே ராஜையன் புறப்பட்டுவிட்டார். அவர் போனதை யாரும் கவனிக்கவில்லை.

அவருடைய வேலை எளிமையானது. தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்க்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் என்பதைப் போனில் அமுக்க வேண்டும். அது தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் ஏறும். அளவு நூற்றிருபதைத் தாண்டினால், அங்கிருந்து ஓர் அதிகாரி தோட்டத்தைக் கூப்பிட்டு, சரிவுக்குக் கீழே உள்ள லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், குடியிருக்கும் தொழிலாளர்களை வெளியேற்றச் சொல்வார். சொல்லும் அதிகாரம் தலைமை அலுவலகத்துக்கு மட்டுமே உண்டு. ராஜையனுக்கு அளக்கும் அதிகாரம் மட்டும்.

ஜூன் பதினொன்றாம் தேதி காலை போனின் சின்னத் திரையில் ‘சர்வரைத் தேடிக்கொண்டிருக்கிறது’ என்று வந்தது. தேடட்டும் என்று ராஜையன் பதினைந்து நிமிஷம் காத்திருந்தார். பிறகு பால் இல்லாமல் கட்டஞ்சாயா போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தார். இன்னும் தேடிக்கொண்டிருந்தது.

போனோடு ஒரு கையேடு தந்திருந்தார்கள். தொடர்பு அறுந்தால் செய்ய வேண்டியவை பதினாறு படிகளாக அதில் இருந்தன. போன் மேசைமேல் இருக்கிறதா என்று உறுதி செய்யவும் என்றது முதல் படி. இருந்தது. நான்காவது படியின்படி வயரைப் பிடுங்கி, முப்பது வரை எண்ணி, மறுபடி செருகினார். ஏழாவது படியின்படி கூரையில் ஏறி டிஷ்ஷைத் துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்க மழை பெய்தது. ஒன்பதாவது படி, ‘அறையில் உள்ள மற்றவர்களின் போன் வேலை செய்கிறதா என்று அவர்களிடம் கேட்கவும்’ என்றது. ராஜையன் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போனார். பதினாறாவது படி இது: ‘மேற்கண்டவற்றால் சரியாகாவிடில் இந்தப் போனிலிருந்தே உதவி மையத்தை அழைக்கவும்.’

ராஜையனிடம் ஒரு மொபைல் இருந்தது. ஆனால் கீழே மலைப்பாதையின் பத்தொன்பதாவது வளைவுக்கு இறங்கிப்போய் ஒரு குறிப்பிட்ட கல்மேல் ஏறி நின்றால்தான் அதற்கு சிக்னல் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஞானபாயோடு பேச அந்தக் கல்லுக்குத்தான் போவார். அன்றைக்கும் குடையைப் பிடித்துக்கொண்டு போய் உதவி மையத்துக்கு அடித்தார். ஜெஸ்லின் என்ற பெண் எடுத்தாள்.

“சாரே, எந்த எக்ஸ்டென்ஷன்லேர்ந்து விளிக்கறீங்க?”

“நானூத்திப் பதினேழு. ஆனா இது எனக்க மொபைலு.”

“கம்ப்ளெயின்ட் அந்த எக்ஸ்டென்ஷன்லேர்ந்து வந்தாத்தான் சிஸ்டம் எடுக்கும் சாரே.”

“அதுதானே மக்களே செத்துக் கெடக்கு?”

“எனக்கு மனசிலாவுது. சிஸ்டத்துக்கு மனசிலாவல்ல.”

இரக்கமுள்ள பெண். தன் எக்ஸ்டென்ஷன் எண்ணைப் போட்டு ராஜையனின் புகாரைப் பதிந்துகொண்டாள். மறுநாள் பழுது பார்ப்பவர் அந்த எண்ணைக் கூப்பிட்டார். ஜெஸ்லின் எடுத்து ஹலோ என்றாள். போன் நன்றாக இருக்கிறது, பயனாளருக்குத் திருப்தி என்று அவர் எழுதிப் புகாரை முடித்துவிட்டார்.

இப்படி மூன்று புகார்கள் திருப்தியாக முடிந்தபின், ஜூன் கடைசியில் ராஜையன் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போனார்.

இரண்டாம் மாடியில் சிஸ்டம்ஸ் அதிகாரி ஸ்ரீநிவாஸ் இருந்தார். கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்காரர், முப்பது வயதுதான். ராஜையன் சொன்னதை முழுக்கக் கேட்டார். அந்தக் கட்டிடத்தில் அதைச் செய்த ஒரே ஆள் அவர்தான்.

“காரணம் ரொம்ப சிம்பிள் சார். சர்வர் ஈசான மூலையில இருந்தது. அங்கே கனமான வஸ்து இருக்கப்படாதுன்னு டைரக்டருக்கு யாரோ சொல்லிட்டா. கன்னி மூலைக்கு மாத்திண்டோம். ரூம் மாறினதும் அட்ரஸ் மாறிடுத்து. உங்க போன் பழைய அட்ரஸ்லயே போய்த் தேடிண்டிருக்கு.”

“எல்லாருக்கும் சொன்னீங்களா சார்?”

“சொன்னோமே. எல்லாருக்கும் போன்லயே சொல்லியாச்சு.”

“எனக்குச் சொல்லல்ல.”

“உங்க போன்தான் கெடைக்கலையே!”

ராஜையன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். “புது அட்ரஸை இப்பச் சொல்லுங்க சார். நான் போய் அமுக்கிக்கிடுதேன்.”

“பன்னண்டு நம்பர்தான். ஒரு நிமிஷ வேலை.” ஸ்ரீநிவாஸ் குரலைத் தாழ்த்தினார். “ஆனா வாயால சொல்லப்படாது, காகிதத்துல எழுதித் தரப்படாது. செக்யூரிட்டி. அந்தந்த எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும்தான் சொல்லணும்னு ஆர்டர். என் வேலை போயிடும் சார்.”

வேண்டுமானால் இயக்குநரைப் பாருங்கள் என்றார். இயக்குநர் அப்போது டில்லியிலிருந்து வந்திருந்த இரண்டு விருந்தினர்களுக்குக் கட்டுப்பாட்டு அறையைக் காட்டிக்கொண்டிருந்தார். சுவர் முழுக்க ஒரு பலகை. அதில் வரிசை வரிசையாகப் பச்சை விளக்குகள்.

“மொத்தம் நூறு சதவீதம்” என்றார் குறுப்பு. “தொடர்பில் உள்ள போன்களில், ஒன்றுவிடாமல் எல்லாமே தொடர்பில் உள்ளன. இந்தியாவில் வேறு எந்தத் துறை இப்படிச் சொல்ல முடியும்?”

“தொடர்பு அறுந்தவற்றை எப்படிக் காட்டுவீர்கள்?” என்று ஒரு விருந்தினர் கேட்டார்.

“ஆரம்பத்தில் சிவப்பு விளக்கு வைத்திருந்தோம். அதைப் பார்த்து ஊழியர்களின் மனம் தளர்ந்தது. எடுத்துவிட்டோம். இப்போது அறுந்தவை தாமாகவே பலகையை விட்டுப் போய்விடும். மிகவும் மரியாதையான ஏற்பாடு.”

ராஜையன் பலகையில் 417ஐத் தேடினார். 416க்கு அடுத்து 418 இருந்தது. வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் அவரைப் பார்த்துவிட்டு, “சாயா மூன்று. ஒன்றில் சர்க்கரை வேண்டாம்” என்றார். ராஜையன் போய் வாங்கிவந்து கொடுத்தார். பிறகு பஸ் நேரமாகிவிட்டது.

ஜூலையில் மழை வலுத்தது. ராஜையன் தினமும் எட்டரைக்கு அளந்து நோட்டில் எழுதினார். நாற்பது, அறுபத்திரண்டு, எண்பத்தேழு. எழுதிவிட்டுப் போனின் முன்னால் உட்கார்ந்து அந்த எண்ணை அமுக்கவும் செய்தார், பழக்கத்தை விட வேண்டாம் என்று. சில நாள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, “சார், இன்னைக்கு எண்பத்தேழு. காத்தும் உண்டு. எனக்கு லேசாட்டு காய்ச்சல்” என்பார். மறுமுனையில் மூச்சுக்கூட இருக்காது. முதலில் வெட்கமாக இருந்தது. ஒரு வாரத்தில் வெட்கம் போய்விட்டது.

தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்கு வெற்றிடம் பிடிக்காது. எண் வராத இடத்தில் அது பூஜ்யம் போட்டுக்கொள்ளும். ஆகவே இயக்ககத்தின் கணக்குப்படி பொன்முடியில் ஜூன் பதினொன்று முதல் ஒரு சொட்டு மழை இல்லை. ஜூலை பத்தாம் தேதி இயக்குநர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, மலையில் கடும் வறட்சி என்று அறிவித்தார். சில நாளில் ராஜையனுக்கு ஒரு கடிதம் வந்தது. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும்படி அதில் எழுதியிருக்க வேண்டும். உறை முழுக்க நனைந்திருந்ததால் ‘சிக்கனம்’ என்ற சொல் மட்டும்தான் தெரிந்தது.

பதினாறாம் தேதி ஒரு தண்ணீர் லாரி வந்தது. இருபத்திரண்டு வளைவுகளையும் கொட்டுகிற மழையில் ஏறி, நிலையத்தின் முன்னால் நின்றது. டிரைவர் இசக்கிப்பாண்டி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

“வறட்சி நிவாரணம். எங்கண ஊத்தணும்?”

ராஜையன் முற்றத்தைக் காட்டினார். முற்றத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, எனக்கு ஊத்துன ஒப்பு வேணும். ஊத்தாமக் கொண்டுபோனா கேள்வி வரும்.”

ஊற்றினார்கள். ராஜையன் நனைந்துகொண்டே கையெழுத்துப் போட்டார். லாரி போன பிறகு, அந்த மாதத்தில் தன் வாசலுக்கு வந்த முதல் ஆளிடம் ஒரு சாயா குடிக்கிறீர்களா என்று கேட்காமல் விட்டோமே என்று அவருக்கு நினைப்பு வந்தது. அன்று முழுக்க அந்த நினைப்பு போகவில்லை.

ஜூலை இருபத்துமூன்று காலை மழைமானி நிரம்பி வழிந்தது. இருநூற்றுப் பதினான்கு என்று கணக்குப் போட்டார். லயங்களுக்கு மேலே உள்ள ஒற்றையடிப் பாதையில் போய்ப் பார்த்தார். பாதைக்குக் குறுக்கே ஒரு வெடிப்பு, கையை நுழைத்தால் முழங்கை வரை போயிற்று. அதற்குக் கீழே நான்கு லயங்கள், முப்பத்தொரு குடும்பங்கள்.

பத்தொன்பதாவது வளைவுக்கு ஓடினார். கல்மேல் ஏறினார். கரண்ட் போனதில் டவரும் போயிருந்தது. பஸ் வரவில்லை. திரும்பி ஓடித் தோட்டத்து சூப்பர்வைசர் வேலப்பனிடம் சொன்னார். மேனேஜர் ஊருக்குப் போயிருந்தார்.

“எல்லாத்தையும் இறக்கணுமின்னா மேல்லேர்ந்து ஆர்டர் வேணும்” என்றார் வேலப்பன். “போன வருஷம் ஆர்டர் இல்லாம இறக்கிட்டு, மலை வீழல்ல. ஒரு நாள் கொளுந்து போச்சுன்னு மேனேஜர் என்னைத்தான் சாடினார். நிங்ஙள் ஆபீஸ்ல விளிச்சுப் பறயச் சொல்லுங்க, நான் இப்பமே இறக்குறேன்.”

“ஆபீஸ்காரன் நான்தானே வேலப்பா.”

“நீங்க மழை அளக்கிற ஆளு. ஆர்டர் போடுற ஆளு இல்லயே.”

அது உண்மை. ராஜையன் நிலையத்தை நோக்கி நாலடி நடந்துவிட்டுத் திரும்பினார். பிறகு, “வா. உனக்க முன்னால வச்சே விளிக்கேன்” என்றார்.

வேலப்பன் வந்தார். கொழுந்து பறிக்கப் போக முடியாமல் நின்றிருந்த பெண்கள் நாலைந்து பேரும் பின்னால் வந்து வாசலில் நின்றார்கள். அவர்களில் மூத்தவள் சுடலைமாடத்தி. ஐம்பது வயது, புருஷன் இல்லை, மகன் திருப்பூரில். லயத்தில் எல்லாரும் அவள் சொல்லுக்குக் கட்டுப்படுவார்கள்.

இன்வெர்ட்டர் புண்ணியத்தில் திரை எரிந்துகொண்டிருந்தது. ராஜையன் உடம்பால் அதை மறைத்து உட்கார்ந்து ரிசீவரை எடுத்தார். எண்களை அமுக்கினார்.

“ஹலோ, சார். பொன்முடியிலேர்ந்து ராஜையன். சார், இருநூத்திப் பதினாலு. ஆமா சார், இருநூத்திப் பதினாலு. பாதையில வெடிப்பு கண்டாச்சு, எனக்க கை உள்ள போவுது. நாலு லயமும் அதுக்கு நேர் கீழதான் சார். பிள்ளையளு மட்டும் இருபத்திரெண்டு உண்டு. ஒரு பெண்ணு பிரசவிச்சு ஒம்பது நாளுதான் ஆச்சு. இப்ப எறக்கல்லேன்னா பெறவு எறக்க ஆளு இருக்காது சார். நான் ஒரு மாசமா விளிச்சிட்டே இருக்கேன். யாராவது ஒரு வாக்குச் சொல்லுங்க. எனக்குக் களியாது சார், ஒத்தைக்கு என்னால முடியாது…”

குரல் உடைந்தது. வேலப்பன் தலையைக் குனிந்துகொண்டார். ராஜையன் மூக்கை உறிஞ்சிவிட்டு, சற்று நேரம் மறுமுனையைக் கேட்பதுபோல இருந்தார். “சரி சார். இப்பமே சார். வேலப்பன் பக்கத்துலதான் நிக்காரு, சொல்லிடுதேன். ரொம்ப நன்றி சார்.”

ரிசீவரை வைத்தார். “எறக்கச் சொல்லியாச்சு.”

வேலப்பன் பதிலுக்கு நிற்கவில்லை. விசிலை ஊதிக்கொண்டே ஓடினார். சுடலைமாடத்தி மட்டும் ஒரு நொடி ராஜையனைப் பார்த்துவிட்டு, “ஏட்டி, நடங்கடி! பாத்திரம் கிடக்கட்டும், பிள்ளையத் தூக்குங்க!” என்று சத்தம் போட்டபடி இறங்கினாள்.

பகல் ஒன்றரைக்குள் எல்லாரும் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டே முக்காலுக்கு மலை இறங்கியது. நான்கு லயங்களில் மூன்று இருந்த இடம் தெரியவில்லை. செத்தது ஒரு ஆடு.

மூன்றாம் நாள் பத்திரிகைகள் இயக்ககத்தைப் பாராட்டின. ‘சரியான நேரத்தில் வந்த ஒரு போன், நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள்’ என்று தலைப்பு. வேலப்பன் பேட்டி கொடுத்திருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லியிருந்தார்.

அந்த உத்தரவைக் கொடுத்த அதிகாரி யார் என்று கண்டுபிடிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. ஒரு வாரத்தில் மூன்று பேர் கிடைத்தார்கள். தாம்தான் என்று துணை இயக்குநர் எழுதிக் கொடுத்தார். அன்று தமக்கு விடுமுறை என்றாலும் வீட்டிலிருந்து சொன்னதாக இணை இயக்குநர் எழுதிக் கொடுத்தார். மூன்றாமவர் நிதிப் பிரிவு. ஏதோ ஒரு தமிழ்க்குரல் அழுததாகவும், தாம் ஆறுதல் சொன்னதாகவும் அவருக்கு நினைவிருந்தது. ராஜையனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

“மூவரில் யாருடைய குரல் உங்களுக்குக் கேட்டது?” என்றார் இயக்குநர்.

ராஜையன் ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். “யாருக்க குரலும் கேக்கல்ல சார். போன் செத்துக் கெடந்தது. நான் சும்மா பேசினேன்.”

மூன்று அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஸ்ரீநிவாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குறுப்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கோபப்படவில்லை.

“குரல் கேட்கவில்லை என்றால், பேசியவர் தம்மை வெளிக்காட்ட விரும்பவில்லை என்று பொருள்” என்றார். “பெரிய பொறுப்பில் இருப்பவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். நானும் அன்று காலை முழுக்க அந்த மலையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைப்பு வேறு, உத்தரவு வேறு என்று பிரிக்க முடியாது. இதை ஒரு தனிமனிதரின் சாதனையாகப் பார்க்காமல், என் தலைமையின் சாதனையாகப் பார்ப்போம்.”

மூவரும் தலையாட்டினார்கள். விருது இயக்குநருக்கு என்று முடிவாயிற்று. ராஜையனுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று குறுப்பு பெருந்தன்மையோடு நினைத்தார்.

“உனக்கு என்ன வேண்டும்? கூச்சப்படாமல் கேள்.”

“அந்தப் போனைச் சரியாக்கித் தரணும் சார்.”

“எந்தப் போன்?”

“நானூத்திப் பதினேழு.”

இயக்குநர் புரியாமல் பார்த்தார். துணை இயக்குநர் பணிவாகக் குனிந்து, “சார், நூறு உயிரைக் காப்பாற்றிய போன் அதுதான். அது பழுது என்று நாமே எழுதினால் விருதுக் குழு என்ன நினைக்கும்?” என்றார்.

“ஆமாம்” என்றார் குறுப்பு. “இந்த இயக்ககத்திலேயே மிக நன்றாக வேலை செய்யும் போன் அது. அதைத் தொடக் கூடாது என்று ஓர் உத்தரவு போடுங்கள்.”

உத்தரவு அன்றைக்கே டைப் அடிக்கப்பட்டு, ராஜையன் கையில் ஒரு நகல் தரப்பட்டது.

திரும்பும் வழியில் வித்துராவில் பஸ் மாற வேண்டியிருந்தது. லயத்துக்காரர்களை அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைத்திருந்தார்கள். இனி மேலே குடியிருப்பு கிடையாது என்று தோட்டம் சொல்லிவிட்டது. ராஜையன் உள்ளே எட்டிப் பார்த்தார். சுடலைமாடத்தி ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இடம் காட்டினாள். ஒரு பிள்ளையை அனுப்பிச் சாயா வாங்கிவரச் சொன்னாள்.

“என்ன சாரே, ஆபீஸ்ல மெடலு குடுத்தாங்களா?”

“டைரக்டருக்குக் குடுக்காங்க.” ராஜையன் டம்ளரைக் கையில் வைத்து உருட்டினார். “மாடத்தியக்கா, உங்ககிட்ட ஒண்ணு பறயணும். அன்னைக்கு அந்தப் போன்ல எதுத்தாப்ல ஆளு இல்ல.”

“தெரியும்.”

“தெரியுமா? எப்படித் தெரியும்?”

“எத்தனை நேரம் பேசினீங்க! அழக்கூட செஞ்சீங்க. நடுவுல ஒருத்தன் குறுக்க விழல்ல, வையின்னு சொல்லல்ல. சர்க்கார் ஆளு எவன் அம்புட்டு நேரம் நம்ம பேச்சைக் கேப்பான்? அப்பமே விளங்கிப்போச்சு.”

ராஜையனுக்குச் சிரிப்பு வந்தது. பல நாளுக்குப் பிறகு வந்ததால் அது சரியாக வெளியே வரவில்லை.

“பொறவு எதுக்கு எல்லாத்தையும் கூட்டிட்டு எறங்கினீங்க?”

அவள் முறத்தைத் தட்டி உமியைப் பறக்கவிட்டாள்.

“ஆளு இல்லைன்னா என்ன? நீங்க பயந்தது உள்ளதுதானே சாரே.”

வெளியே பொன்முடி பஸ் ஹாரன் அடித்தது. ராஜையன் மீதிச் சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். பஸ்ஸில் வேறு யாரும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, மண்டபம் மறையும்வரை பார்த்துக்கொண்டே போனார்.